கடனுக்கு அண்ணன் கடை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கோழிக்கறி பாதி வெந்த பிறகுதான் வீட்டில் தேங்காய் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு வீட்டுச் செருப்போடு முனைக்கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணன் தேங்காயை உடைத்தார். தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பையில் பிடித்து என் கையில் கொடுத்தார். மூடியைத் துருவும் இயந்திரத்தில் வைத்து அழுத்தினார். இரைச்சல் ஓய்ந்ததும், துருவலைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், இந்த மெஷின் உங்களுக்கு வேணுமா? டிசம்பரோட கடையை மூடுறேன்."

ஏன் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் கடை வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாலே பதில் தெரியும். சாலையின் எதிர்ப்புறத்தில், இரண்டு கடை வீடுகளை ஒன்றாக்கி, பளீரென்று விளக்குப் போட்டு, குளிர்சாதனத்தோடு ஒரு மினி மார்க்கெட் நான்கு ஆண்டுகளாக நடக்கிறது. பெயர் எதற்கு? உங்கள் தாமானிலும் அப்படி ஒன்று இருக்கும். எங்கள் தாமானுக்கு நடந்துபோகும் தூரத்தில் மூன்று இருக்கின்றன.

அண்ணன் இந்தக் கடையைத் திறந்தது 1998-இல். அதற்கு முந்தின ஆண்டு தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் அவருடைய தொழிற்சாலை வேலை போய்விட்டது. கையில் கிடைத்த தொகையை வைத்து ஒரு கடை வீட்டை வாடகைக்கு எடுத்தார். சம்பள ஆள் கிடையாது. காலையில் அவர், மதியம் அவர் மனைவி, இரவு மீண்டும் அவர். தீபாவளியன்று மட்டும் அடைப்பு.

"சரி அண்ணே, என் கணக்கைப் பாருங்க, முடிச்சிடுறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னதுதான். அவர் மேசை இழுப்பறையிலிருந்து 555 புத்தகத்தை எடுத்தார்.

இளம் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 555 புத்தகம் என்பது சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு. அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். மலாய்க்காரர்கள் 'புக்கு தீகா லீமா' என்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் இந்த நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் மளிகைக் கடனை இதில்தான் எழுதி வைத்தது. 'பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொள்' என்றால் எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்டதில்லை.

என் அம்மா காலத்தில் தோட்டத்திலும் இதுதான் வழக்கம். மாதம் முழுவதும் கடைச் சாமான் எழுதி வாங்குவோம். சம்பள நாளன்று கடைக்காரர் ஆபீஸ் பக்கத்திலேயே நிற்பார். அம்மா கையில் பணம் வந்து, அவர் கைக்குப் போய், மீதி என்று ஒன்று இருந்தால் அது வீட்டுக்கு வரும். புக்கிட் ராஜா போன்ற தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி, நம்மவர்கள் கிள்ளான் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது தோட்டத்துச் சாமான்களில் பாதியை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். கடன் வாங்கும் பழக்கம் கூடவே வந்துவிட்டது. அதற்கு இடம் கொடுத்தவர்கள் முனைக்கடைக்காரர்கள்.

என் பக்கத்தை அண்ணன் திறந்து காட்டினார். முட்டை 5. சார்டின் 1. ரொட்டி 1. தேங்காய் 1. நீல மை, சாய்ந்த எழுத்து. பழைய பக்கங்களைப் புரட்டினேன். பால் பவுடர், சீனி 1 கிலோ, மறுபடியும் முட்டை. அப்போதுதான் தேதிகள் கண்ணில் பட்டன. 18, 19, 21, 23. அரசாங்க ஊழியர்களுக்குப் பெரும்பாலும் 25-ஆம் தேதியையொட்டிச் சம்பளம் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். என் கணக்கு முழுவதும் அதற்கு முந்தின வாரத்திலேயே கிடந்தது. 26, 27 தேதிகளில் என் பெயரே இல்லை. அந்த நாள்களில் நான் எங்கே போனேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கல்லாவில் உட்கார்ந்தால் எதிர்க் கடையின் கார் நிறுத்துமிடம் நேராகத் தெரியும்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார். "அதுக்கு என்ன டீச்சர், எல்லாரும் அப்படித்தான். கடனுக்கு அண்ணன் கடை, காசுக்கு எதுத்த கடை."

திட்டியிருந்தால் தேவலை.

விலைதான் காரணம் என்று நாம் சொல்லுவோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரில் மலிவு, எனவே எதிரில் வாங்குகிறேன். ஆசிரியர் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவளுக்கு 2 வெள்ளியும் பணம்தான். ஆனால் அந்த 2 வெள்ளி எங்கிருந்து வருகிறது என்பதை அன்றுதான் அவர் எனக்கு விளக்கினார்.

ஒரு கிலோ மைலோ பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். மொத்த வியாபாரி அவருக்குப் போடும் விலை, மலிவு விற்பனை நாளில் எதிர்க் கடை நமக்கு விற்கும் விலையைவிட அதிகம். இது மைலோவுக்கு மட்டுமல்ல. சலவைத்தூள், டயப்பர், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான கிளைகளுக்கு மொத்தமாக வாங்குகிறவருக்கு உற்பத்தியாளர் ஒரு விலை கொடுக்கிறார், இருபது பாக்கெட் வாங்குகிறவருக்கு ஒரு விலை. போதாததற்கு, நல்ல இடத்தில் அடுக்கி வைக்கவும் விளம்பரத் தாளில் படம் போடவும் உற்பத்தியாளரே பெரிய கடைக்குப் பணம் தருவது உண்டு.

"அதனால நான் என்ன செய்வேன் தெரியுமா? ஆபர் போட்டா நானே போய் வரிசையில நிப்பேன். ஒரு ஆளுக்கு மூணு பாக்கெட்தான்னு எழுதிப் போட்டிருப்பான். நானு, வீட்டுக்காரி, மவன், மூணு பேரும் தனித்தனியா நிப்போம். ஒம்போது பாக்கெட்."

தன் கடைக்குச் சரக்கு வாங்கத் தன் போட்டிக்காரரின் கடையில் ஒருவர் குடும்பத்தோடு வரிசையில் நிற்கிறார்! நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். அது எனக்கு இன்னும் உறைத்தது. பெரிய நிறுவனங்கள் சரக்கை இறக்கிக்கொண்டு, அதற்கான பணத்தை ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துத்தான் கொடுக்கும். அதற்குள் சரக்கு விற்று, பணம் கல்லாவுக்கு வந்துவிடும். அண்ணன் கடைக்கு வரும் லோரிக்காரரோ பணத்தை எண்ணி வாங்கிய பிறகுதான் பெட்டியை இறக்குவார். அதே பெட்டியிலிருந்து எடுத்துத்தான் எனக்கு 18-ஆம் தேதி முட்டை எழுதிக் கொடுத்தார். பல கோடி வெள்ளி புரளும் நிறுவனம் கடனில் சரக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்கிறது. அண்ணன் ரொக்கத்துக்கு வாங்கிக் கடனுக்கு விற்கிறார். இருபத்தேழு ஆண்டுகள் இப்படி ஒரு கடை நின்றதே பெரிய காரியம்.

இதை எழுதும்போது, மினி மார்க்கெட் நடத்துகிறவர்கள் எல்லாம் வேற்று கிரகத்திலிருந்து வந்தவர்கள்போல் ஆக்கிவிடக் கூடாது. கிள்ளான்வாசிகளுக்கு இது நன்றாகத் தெரியும். நாடெங்கும் பரவியுள்ள 99 ஸ்பீட்மார்ட் நம் ஊரில் பிறந்ததுதான். சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் இயக்கத்தை இழந்த லீ தியாம் வா, சாலையோரத்தில் நொறுக்குத் தீனி விற்று, 1987-இல் கிள்ளானில் ஒரு சின்ன மளிகைக் கடையைத் தொடங்கினார். அந்தக் கடைதான் 2024 செப்டம்பரில், 2,600-க்கும் மேற்பட்ட கிளைகளோடு, பங்குச் சந்தைக்குப் போய் 236 கோடி வெள்ளி திரட்டியது. மைடினும் 1957-இல் கோத்தாபாருவில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பத்தின் சிறிய கடையாகத் தொடங்கியதுதான். ஆகவே 'சின்னக் கடை நல்லது, பெரிய கடை கெட்டது' என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு முனைக்கடை பெரிதாகி, மற்ற முனைக்கடைகளால் சமாளிக்க முடியாத விலையில் விற்கத் தொடங்கியதுதான் நடந்த கதை.

முனைக்கடைகளிடம் குறை இல்லையா? நிறைய உண்டு. அண்ணன் கடையில் பாதிப் பொருளுக்கு விலைச்சீட்டு இருக்காது. சட்டப்படி ஒட்டியாக வேண்டும். கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா?" என்பார். எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன். ஒருமுறை வாங்கிய பிஸ்கட் காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாற்றிக் கொடுத்தார், ஆனால் பார்க்காமல் தின்றிருந்தால்? மீதிக் காசுக்குச் சில்லறை இல்லையென்று மிட்டாயைத் திணிக்கும் வழக்கத்தையும் அவர் கைவிடவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதை நம்மில் பலர் பழைய நினைவில் மயங்கி மறந்துவிடுகிறோம். கடன் இருக்கிற வாய் பேசாது. தோட்டத்தில் கடைக்காரர் அழுகின வெங்காயத்தை நிறுத்துப் போட்டபோது என் அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. விலையைக் கேட்டதில்லை. வேறு கடைக்குப் போகவும் முடியாது, பாக்கி இருக்கிறதே! விலைச்சீட்டு ஒட்டிய கடையில், யார் முகத்தையும் பார்க்காமல், வேண்டியதை எடுத்து, வேண்டாததை மீண்டும் அடுக்கில் வைத்துவிட்டு வரும் சுதந்திரம் ஏழைப் பெண்ணுக்குச் சின்ன விஷயமல்ல. அம்மா உயிரோடு இருந்திருந்தால் எதிர்க் கடைக்குத்தான் முதல் ஆளாகப் போயிருப்பார். குளிர்காற்று வேறு.

ஆனாலும் அன்று, தேங்காய்த் துருவலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றபோது (கறி அடிபிடித்துவிட்டது, அது தனிக்கதை), அந்தக் கடைக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். அடுக்குமாடி வீட்டுப் பாட்டி ஒருவர் இரண்டு முட்டை வாங்கினார். எதிரில் முட்டை தட்டாகத்தான் கிடைக்கும், குறைந்தது பத்து. ஒரு பையன் 50 காசுக்குப் பெருங்காயம் கேட்டான். அண்ணன் தாளில் கிள்ளி மடித்துக் கொடுத்தார். மாரியம்மன் கோவிலுக்குப் போகிற வழியில் ஓர் அம்மாள் ஐந்து வெற்றிலையும் ஒரு கட்டி கற்பூரமும் வாங்கினார். நாள் கூலிக்காரர் ஒருவர் அரைக் கிலோ அரிசி கேட்டார். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாதவருக்கு 10 கிலோ மூட்டையின் மலிவு விலை எதற்கு? மொத்தமாக வாங்கினால்தான் மலிவு, மொத்தமாக வாங்கக் கையில் மொத்தமாகப் பணம் இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறது. அவருக்கு இல்லை.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பத்து கிலோமீட்டர் தாண்டக் கூடாது, வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம் என்றபோது எங்கள் தாமானே அண்ணன் கடையில்தான் நின்றது. வேலை நின்றுபோனவர்களின் கணக்கு அந்த இரண்டு மாதத்தில் பக்கம் பக்கமாக நீண்டது. 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை ஏறி, 26 வெள்ளிக்கு விற்ற 10 கிலோ உள்ளூர் அரிசி எங்கும் கிடைக்காமல் போனது நினைவிருக்கிறதா? பேரங்காடியில் முதலில் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்குக் கிடைத்தது ஆறு மூட்டை. அதைப் பிரித்து, பாட்டிகளுக்கும் பிள்ளைக்காரர்களுக்கும் இரண்டு இரண்டு கிலோவாகக் கட்டி வைத்திருந்தார். எனக்குக் கொடுக்கவில்லை. "உங்ககிட்ட கார் இருக்கு டீச்சர்" என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்தத் தாமானில் யாரிடம் கார் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரிந்த ஒரே வியாபாரி அவர்தான்.

2025-இல் வந்த அடி வேறு விதமானது. ஆகஸ்டு 31 முதல், 18 வயதுக்கு மேற்பட்ட எல்லா மலேசியருக்கும் மைகார்ட்டில் 100 வெள்ளி ஏறியதே, அந்தச் 'சாரா' உதவித் தொகையைச் சொல்கிறேன். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். என் 100 வெள்ளியை நானும் செலவழித்துவிட்டேன். ஆனால் அதைப் பதிவு செய்த கடைகளில்தான் செலவழிக்க முடிந்தது. தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டவை 4,100-க்கும் மேற்பட்ட கடைகள். பெரிய பேரங்காடிகளும் மினி மார்க்கெட்டுகளும் அதில் முதல் நாளே இருந்தன. சின்ன மளிகைக் கடைகளும் சேரலாம், பல சேர்ந்தும் இருக்கின்றன. சேர வேண்டுமென்றால் மைகார்ட்டை வாசிக்கும் கருவி வேண்டும், எந்தப் பொருள் அனுமதிக்கப்பட்ட 14 வகைகளில் அடங்கும் என்று பார்கோடைப் பார்த்துச் சொல்லும் கணினி வேண்டும். அண்ணன் கடையில் பருப்பை அவரே மூட்டையிலிருந்து எடுத்துப் பொட்டலம் கட்டுகிறார். அதில் பார்கோடு எங்கே இருக்கும்?

அண்ணனின் பாட்டி வாடிக்கையாளர்கள்கூட அந்த 100 வெள்ளியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். கடந்தவர்களில் சிலர், அங்கே தள்ளுவண்டியும் வெளிச்சமும் பழகிய பிறகு, திரும்பி வரவில்லை. "நாலு வருசமா எதுத்த கடையால முடியாதத இந்தக் கார்டு சில மாசத்துல செஞ்சிருச்சு" என்றார். பதிவு செய்யுமாறு அவருடைய மகன் சொன்னாராம். அண்ணனுக்கு வயது 64, மகனுக்கு ஷா ஆலமில் கணினி வேலை. கடைக்கு யார் வருவார் என்று தெரியாமல் கருவி வாங்கி என்ன செய்ய?

மேரு பக்கம் என் தோழியின் தாமானில் ஓர் இளம் கணவன் மனைவி இதே மாதிரி கடையை நடத்துகிறார்கள். பதிவு செய்துவிட்டார்கள். காலையில் வாட்சாப்பில் பட்டியல் அனுப்பினால் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வருகிறது. எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு உண்டு, தேங்காயும் துருவிக் கொடுக்கிறார்கள். ஆகவே முடியாத காரியம் இல்லை. ஆனால் அவர்களும் சரக்கைத் தனியாகத்தான் வாங்குகிறார்கள். கிள்ளானில் மட்டும் நம்மவர் மளிகைக் கடைகள் எத்தனை! ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரே வரிசையில் நின்றுகொண்டு, ஒரே மொத்த வியாபாரியிடம், ஆளுக்கு இருபது பெட்டி என்று தனித்தனியாக விலை பேசுகிறோம். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, பால்மரம் வெட்டினவர்களின் சிறுசேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். தோட்டத்தைச் சேர்ந்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு மைலோவைச் சேர்ந்து வாங்கத் தெரியாதா? வணிகச் சங்கத் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால், விருந்துக்கும் பொன்னாடைக்கும் நடுவில் பத்து நிமிடம் இதையும் பேசுங்கள்.

சம்பளம் ஏறிய மறுநாள் ஒரு தீர்மானத்தோடு, முழு மாதப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன். காசோடு. பட்டியலில் 19 பொருள் இருந்தது. அவரிடம் 11 தான் கிடைத்தது. கடையை மூடப் போகிறவர் புதிதாகச் சரக்கு இறக்கவில்லை. மீதி எட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, பேனாவால் சாலையின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். "அதெல்லாம் அங்கேயே வாங்கிக்குங்க டீச்சர். விலையும் கம்மி." வாங்கிய 11 பொருளுக்கு எதிர்க் கடையைவிட 6 வெள்ளி சொச்சம் கூடுதலாக ஆனது. கணக்குப் போடாமல் இருக்க என்னால் முடியாது.

என் பழைய பாக்கியையும் கட்டினேன். அண்ணன் கணக்கின் மேல் நீண்ட கோடு ஒன்றை இழுத்து, தேதி போட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். மற்ற பக்கங்களில் பாக்கி வைத்திருப்பவர்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். 2020-இன் கணக்குகள் சில இன்னும் அப்படியே இருந்தன.

"கொடுக்கிறவங்க கொடுப்பாங்க" என்றார்.

40 காசு மீதி. இழுப்பறையைத் துழாவினார், சில்லறை இல்லை. இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

துருவும் இயந்திரத்தை வாங்கிக்கொள்ள எங்கள் தெருவில் காலையில் நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அக்கா சம்மதித்துவிட்டாராம். கிறிஸ்துமஸுக்கு முன்பு வந்து எடுத்துக்கொள்வார். அதற்குள் தேங்காய் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்கச் சொன்னார்.